நேற்றைய செயலுக்கு இன்றைய சட்டமா?

பிரிட்டனில் வருவாய்த்துறை அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் பழுப்பு நிற உறைகளில் வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் ஆயிரக்கணக்கான இல்லங்களில், அந்த உறை வாசற்கதவின் இடுக்கு வழியாக உள்ளே விழும் ஓசையைக் கேட்டாலே கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெற்ற ஊதியத்திற்காக, பின்னாளில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி வரி கேட்கும் கடிதங்கள் அவை. கேட்ட தொகையோ, பலருக்கு வீட்டையே விற்றாலும் தீராத அளவு பெரிது.

அச்சட்டத்தை எதிர்த்து எளிய குடும்பத்தினர் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம். தொலைதூர நாட்டு வரிக் கணக்கு நமக்கெதற்கு என்று வாசகர்கள் எண்ணலாம். சட்டம் என்பது என்ன, அது எவ்வழி நோக்க வேண்டும் என்னும் கேள்வி எல்லா நாட்டிற்கும் பொதுவானது. அதனால் சற்றுப் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறோம்.

ஊதியம் கடனாக மாறிய விதம்

கணிப்பொறி வல்லுநர், பொறியாளர் முதலியோர் பலர் பிரிட்டனில் நிரந்தர வேலையின்றி ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிகின்றனர். தற்காலிகச் செவிலியரும் சமூகப் பணியாளரும்கூட அவர்களுள் உண்டு. 2000ஆம் ஆண்டில் இத்தகையோரைக் குறித்துச் சிக்கலான புதிய வரி விதிகள் நடைமுறைக்கு வந்தன. எந்த விதி தம்மைக் கட்டும், எது கட்டாது என்று அறியாமல் பலர் திகைத்தனர். அந்தத் திகைப்பையே சிலர் வாணிபமாக்கிக் கொண்டனர்.

அவர்கள் வகுத்த திட்டம் இது. ஒப்பந்தப் பணியாளரின் உழைப்புக்குரிய பணம் முதலில் இடைத்தரகு நிறுவனம் ஒன்றிற்குச் செல்லும். அதில் ஒரு சிறு பகுதி மட்டும் சம்பளமாக அவருக்கு வழங்கப்படும். எஞ்சியது, பெரும்பாலும் வெளிநாட்டுத் தீவு ஒன்றில் அமைந்த டிரஸ்ட் வழியாகக் 'கடன்' என்ற பெயரில் அவர் கைக்கு வரும். கடனுக்கு வருமான வரி இல்லை அல்லவா? அக்கடனைத் திருப்பிக் கேட்பவரும் இல்லை, திருப்பித் தருபவரும் இல்லை. திட்டத்தை விற்றவர்கள் தங்களுக்கென ஒரு கணிசமான பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

இது நேர்மையான வழியா என்று கேட்டால், இல்லை என்றே நாம் சொல்ல வேண்டும். ஊதியத்தைக் கடன் என்று அழைப்பதனால் அது கடனாகிவிடாது. ஆயினும் இதில் சேர்ந்த ஒவ்வொருவரும் வஞ்சக எண்ணத்தோடு சேர்ந்தார் என்று கூறுவதும் நீதியாகாது. பெயர் பெற்ற பாரிஸ்டர்கள் இத்திட்டம் சட்டத்திற்கு உட்பட்டது என்று கருத்துரை தந்திருப்பதாக விற்பனையாளர்கள் சொன்னார்கள். 2004 முதல் இத்தகைய திட்டங்களை வருவாய்த்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. அவ்வாறு பெற்ற பதிவு எண்ணையே துறை வழங்கிய ஒப்புதல் முத்திரைபோல் காட்டினர். சிலருக்கு வேலையே இத்திட்டத்தின் வழியாகத்தான் கிடைத்தது. திட்ட விவரங்களை வரிப்படிவத்தில் எழுதி அனுப்பியவர்களும் உண்டு.

சட்டம் திரும்பிப் பார்த்தது

2010 டிசம்பர் 9ஆம் நாள் புதிய விதிகளை அரசு அறிவித்தது. அவை 2011ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் இடம்பெற்றன. அன்று முதல் இத்தகைய கடன்களுக்கு வரி உண்டு என்பது தெளிவாயிற்று. இதில் யாருக்கும் பெரிய மனக்குறை இருக்க இயலாது. வரப்போகும் நாளுக்கு விதி வகுப்பது அரசின் உரிமை.

அடுத்து நிகழ்ந்ததே வழக்கின் உயிர்நாடி. 2016 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் ஒரு புதிய வரியை அறிவித்தார். 2017இல் அது சட்டமாயிற்று. 'கடன் வரி' என்று அதனை அழைக்கலாம். 1999 ஏப்ரல் 6ஆம் நாளுக்குப் பின் பெற்று, 2019 ஏப்ரல் 5ஆம் நாளில் திருப்பிச் செலுத்தப்படாமல் நிற்கும் கடன்கள் அனைத்தையும், ஒரே ஆண்டின் வருமானமாகக் கருதி வரி விதிக்க அச்சட்டம் வழிசெய்தது. இருபது ஆண்டு ஊதியம் ஒரே நாளில் பெற்ற ஊதியமாயிற்று!

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். ஒருவர் ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு 20,000 பவுன் வீதம் இவ்வாறு கடன் பெற்றார் என்று கொள்வோம். அந்தந்த ஆண்டிலேயே அடிப்படை விகிதமாகிய 20 சதவிகிதத்தில் வரி கட்டியிருந்தால் மொத்தம் 20,000 பவுன் கட்டியிருப்பார். ஆனால் 2018-19இல் அவருடைய சம்பளம் 30,000 பவுனாக இருந்து, அதன்மேல் ஒரு லட்சம் பவுன் கடனும் மொத்தமாகச் சேர்க்கப்பட்டால், 40 சதவிகித விகிதம் அவரைப் பற்றிக்கொள்ளும். வரிவிலக்குத் தொகையும் பறிபோகும். கடனுக்காக மட்டும் அவர் கட்டவேண்டியது ஏறத்தாழ 41,000 பவுன். அதாவது இரு மடங்கிற்கும் மேல். அப்பணமோ வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் என்றோ செலவாகிவிட்டது.

இரு தரப்பு நியாயங்கள்

அரசின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். 'நாங்கள் பழைய ஆண்டுகளைத் தொடவில்லை. 2019இல் நிலுவையில் நிற்கும் தொகைக்கே வரி கேட்கிறோம். ஆகவே இது முன்தேதியிட்ட சட்டமன்று' என்றது அரசு. இத்திட்டங்களில் சேர்ந்தவர் சுமார் 50,000 பேர் என்றும், அவர்களுடைய சராசரி வருமானம் நாட்டின் வரி செலுத்துவோரின் சராசரியைப்போல் இரு மடங்கு என்றும் வருவாய்த்துறை கூறியது. ஒழுங்காக வரி கட்டிய செவிலியரும் ஆசிரியரும் இவர்களுக்காக ஏன் சுமை தாங்க வேண்டும் என்றும் அது கேட்டது. 2017 ஜூலையில் ரேஞ்சர்ஸ் காற்பந்துக் கழக வழக்கில், டிரஸ்ட் வழியே தரப்பட்ட பணமும் ஊதியமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அரசுக்கு வலுவூட்டியது.

மறுதரப்பு கூறியது இது. ஒருவரின் கணக்கைக் கேள்வி கேட்க வருவாய்த்துறைக்குச் சட்டம் காலவரம்பு வகுத்திருக்கிறது. சாதாரணமாக நான்கு ஆண்டு, கவனக்குறைவு இருப்பின் ஆறு ஆண்டு, வேண்டுமென்றே ஏய்த்திருந்தால் இருபது ஆண்டு. பல ஆண்டுகள் அறிந்தும் வாளாவிருந்துவிட்டு, புதிய வரி என்ற பெயரால் அந்த வரம்பையெல்லாம் கடந்து செல்வது, மூடிய கதவை விட்டுவிட்டுச் சுவரை இடித்து உள்ளே நுழைவதற்கு ஒப்பாகும். மேலும், ரேஞ்சர்ஸ் தீர்ப்பில் வரிக்குப் பொறுப்பாளியாக நின்றது வேலை தந்த நிறுவனமே. கடன் வரியும் முதலில் வேலை தருபவரையே நாடுகிறது. அவர் மறைந்துவிட்டாலோ வெளிநாட்டில் இருந்தாலோ சுமை பணியாளர் தலையில் விழுகிறது. திட்டத்தை விற்றுப் பொருள் குவித்தவர்கள்மீது இந்த வரி ஒரு பைசாகூட விதிக்கவில்லை.

சட்டம் மக்களுக்கு அறிவிக்கப்பட்ட பின்னரே அது சட்டமாகும் என்று புனித தோமா அக்குயினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வரையறுத்தார். அறியாத சட்டத்திற்கு எவ்வாறு கீழ்ப்படிவது? அந்தப் பழைய கேள்வியே இங்கும் எழுந்து நின்றது.

கையில் கடிதம், நெஞ்சில் துணிவு

பாதிக்கப்பட்டோர் தொடக்கத்தில் தனித்தனியே வெட்கத்தில் ஒடுங்கியிருந்தனர். வரி ஏய்ப்பவர் என்ற பெயர் வந்துவிடுமே என்று உறவினரிடமும் சொல்லவில்லை; சிலர் மனைவியிடமே மறைத்தனர். பின்னர் தம்மைப்போல் பலர் இருப்பதை அறிந்து ஓர் இயக்கமாகத் திரண்டனர். அவர்களுடைய படைக்கலம் எளியது. தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினர். நேரில் சென்று கணக்கைக் காட்டினர். பாராளுமன்றத்தின் முன் பதாகை ஏந்தி நின்றனர்.

விளைவு மெதுவாகவே வந்தது. 2018 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதாரக் குழு, வருவாய்த்துறையின் அதிகாரங்களை ஆராய்ந்து கடன் வரியைக் கடுமையாகக் குறைகூறியது. 2019 ஜனவரியில் எட் டேவி தலைமையில் அனைத்துக் கட்சி உறுப்பினர் குழு ஒன்று அமைந்தது. அதே மாதம், இவ்வரியைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்று அவர் கொண்டுவந்த திருத்தத்தை அரசு ஏற்கவேண்டியதாயிற்று. மார்ச்சில் வந்த அறிக்கையோ அரசின் நிலையையே மீண்டும் கூறியது.

இதற்கிடையே, சொல்லவும் கை நடுங்கும் செய்தி ஒன்று உண்டு. கடன் வரிச் சுமைக்கு ஆளானவர்களுள் பத்துப் பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதை வருவாய்த்துறையே ஒப்புக்கொண்டுள்ளது. பத்து இல்லங்களில் விளக்கு அணைந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இரவும் பகலும் ஆறுதல் கூறத் தனித் தொலைபேசிச் சேவை வேண்டும் என்று உறுப்பினர் குழு வற்புறுத்தியது இதனாலேயே.

2019 செப்டம்பரில், தேசியத் தணிக்கை அலுவலகத்தின் முன்னாள் தலைவர் சர் அமியாஸ் மோர்ஸிடம் மறு ஆய்வுப் பணி ஒப்படைக்கப்பட்டது. டிசம்பர் 20ஆம் நாள் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. 2010 டிசம்பர் 9க்குப் பின் சட்டம் தெளிவாக இருந்தது. ஆகவே அதற்குப் பிந்திய கடன்களுக்கு வரி தகும். அதற்கு முந்தியவற்றிற்கு இவ்வரி கூடாது என்றார் அவர். விவரங்களை வெளிப்படையாகத் தெரிவித்தும் வருவாய்த்துறை நடவடிக்கை எடுக்காமல் விட்ட ஆண்டுகளுக்கும் விலக்குப் பரிந்துரைத்தார். தொகையை மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து காட்டவும் வழி கூறினார். இருபது பரிந்துரைகளில் பத்தொன்பதை அரசு ஏற்றது. குறைந்த வருமானமுடையோரின் பாக்கியைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் தள்ளுபடி செய்யலாம் என்பதை மட்டும் மறுத்தது.

பாதி வெற்றி கிட்டியது. எனினும் 2010க்குப் பின் சேர்ந்தோர் போராட்டத்தை நிறுத்தவில்லை. 2025 ஜனவரியில், பட்டய வரி ஆலோசகர் கழகத்தின் முன்னாள் தலைவர் ரே மெக்கான் இரண்டாவது மறு ஆய்வுக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 26இல் அவர் அறிக்கை வெளிவந்தது. அரசு அநேகமாக முழுமையும் ஏற்று, பாக்கியில் மேலும் 5,000 பவுன் வரை குறைக்க இசைந்தது. பாக்கியுள்ளவர்களில் மிகப் பலருக்குச் சுமை பாதியாகவேனும் குறையும் என்றும், சுமார் 30 சதவிகிதத்தினருக்கு முற்றிலும் நீங்கும் என்றும் அரசு மதிப்பிட்டது. ஆனால் அச்சத்தினால் முன்னரே கட்டித் தீர்த்தவர்களுக்கு இச்சலுகை இல்லை. கீழ்ப்படிந்தவன் இழந்தான், எதிர்த்து நின்றவன் பெற்றான் என்றால் அது நாட்டிற்கு நல்ல பாடமாகுமா? சட்டமும் முழுமையாக நீங்கிவிடவில்லை.

நம் நாட்டின் அனுபவம்

நமது இந்தியாவிலும் இத்தகைய கதை உண்டு. வோடஃபோன் நிறுவனத்திடம் வரி கேட்க இயலாது என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் விதியைத் திருத்தி, அத்திருத்தம் 1962 முதலே செல்லும் என்று ஆக்கினார்கள்! நம் அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு முன்தேதியிட்ட தண்டனையைத்தான் தடுக்கிறது, வரியைத் தடுப்பதில்லை. ஆனால் வோடஃபோனும் கெய்ர்னும் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குச் சென்று 2020இல் வென்றன. 2021 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் அப்பழைய பரிவர்த்தனைகள் மீதான கோரிக்கையைக் கைவிடச் சட்டமியற்றியது.

பெரும் நிறுவனத்திற்கு நடுவர் மன்றம் இருந்தது. பிரிட்டனின் ஒப்பந்தப் பணியாளருக்கு இருந்ததோ ஒரு பேனாவும் தபால் தலையும், தன் தொகுதி உறுப்பினரின் முகவரியுமே. அவற்றைக் கொண்டு அவர்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதே வியப்பு.

குடும்பங்கள் கொள்ளவேண்டியவை

வரி கட்டுவது குடிமகனின் கடமை. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. வரியைக் குறைத்துத் தருகிறேன் என்று இனிக்கப் பேசி வருபவர், நாளை கேள்வி எழும்போது நம் பக்கத்தில் நிற்பாரா என்று கையெழுத்திடுமுன் கேட்டுப் பார்க்க வேண்டும். அரசும் தன் பங்கிற்குக் காலத்தோடு பேச வேண்டும். விதைக்கும்போது மௌனமாயிருந்துவிட்டு, அறுத்து உண்டு முடித்தபின் வந்து நிலம் உனதன்று என்பது முறையன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. கடனோ வரியோ எதுவாயினும், அந்தப் பழுப்பு உறையைக் கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் மறைக்க வேண்டாம். அதை இருவருமாகச் சேர்ந்து பிரியுங்கள். தனியே சுமந்தவர்களில் சிலரை நாம் இழந்தோம். கூடிச் சுமந்தவர்களோ, ஒரு பாராளுமன்றத்தையே தன் சட்டத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தார்கள்.