பகலில் எரியும் விளக்கு

2017-ம் வருஷம் ஏப்ரல் மாதத்திற்குப் பிறகு சிறிது காலம் புதுவை வீதிகளில் ஒரு விநோதமான காட்சி நடந்து வந்தது. நடுப்பகலில் புது மோட்டார் சைக்கிளில் ஒருவர் செல்வார். எதிரே வருபவர்கள் விரல்களைக் குவித்தும் விரித்தும் அவருக்குச் சைகை காட்டுவார்கள். “விளக்கு எரிகிறது, அணையுங்கள்” என்பது அதன் பொருள். அவரோ அணைப்பதற்கு வழியின்றித் தலையை அசைத்துவிட்டுப் போவார். ஏனெனில் அவருடைய வண்டியில் முகப்பு விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. இதே காட்சி தேசமெங்கும் நடந்தது. முன்பின் அறியாத மனிதனுடைய பாட்டரி வீணாகிறதே என்று வீதியில் போகிறவர் கவலைப்படுவது நம்மவர்களிடமுள்ள நல்ல குணம். அந்தக் குணத்திற்கு இந்த விஷயத்தில் வேலையில்லை என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

1-4-2017 முதல் உற்பத்தியாகும் இரு சக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானே எரிய வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் உத்தரவு. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி இதை வற்புறுத்தியிருந்தது. பல அயல்நாடுகளில் இவ்வழக்கம் வெகு நாட்களாக உண்டு. புதுவைக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளே செல்லுபடியாவதால், இங்கும் அது தானாகவே அமலுக்கு வந்தது.

வண்டிக்காரர்களில் பலர் இதை விரும்பவில்லை. பாட்டரி கெடும், பல்பு சீக்கிரம் போகும், பெட்ரோல் கூடும் என்பவை அவர்களுடைய குறைகள். சிலர் பட்டறையில் கொடுத்து ஒயரை வெட்டித் தனி சுவிட்ச் ஒன்று வைத்துக்கொண்டார்கள். குறைகளில் உண்மை அடியோடு இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பார்ப்போம். சாதாரண மோட்டார் சைக்கிளின் முகப்பு பல்பு 35 வாட். ஒரு குதிரைசக்தி என்பது சுமார் 746 வாட். மின்சாரம் உற்பத்தியாவதில் உண்டாகும் நஷ்டத்தைத் தாராளமாகச் சேர்த்தாலும், விளக்குக்காக எஞ்சின் செலவிடுவது ஒரு குதிரைசக்தியில் பத்தில் ஒரு பங்கே. எட்டுக் குதிரைசக்தி எஞ்சினுக்கு இது பாரமாகாது. எஞ்சின் நின்றதும் விளக்கும் நின்றுவிடுவதால், நிறுத்தி வைத்த வண்டியில் பாட்டரி வடிவதும் இல்லை. பல்பு மாற்றும் செலவு ஒன்றுதான் மிச்சம்.

வாஸ்தவத்தில் இந்த ஆட்சேபங்களுக்கெல்லாம் மூலம் வேறு. விளக்கு என்பது பார்ப்பதற்கு என்றே நாம் பழகியிருக்கிறோம். வெயிலில் பார்ப்பதற்கு விளக்கு எதற்கு என்ற கேள்வி அந்தப் பழக்கத்திலிருந்து பிறக்கிறது. பகல் விளக்கின் உபயோகமோ, வண்டியில் இருப்பவன் மற்றவர் கண்ணுக்குப் புலப்படுவது. ஆகவே “ஓட்டுபவர் இதை விரும்புகிறாரா?” என்று அவரை மட்டும் கேட்பது அரைக் கேள்விதான். எதிரே லாரி ஓட்டி வருகிறவரையும் கேட்க வேண்டும்.

நாற்சந்தியில் வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் கார்க்காரரை நினைத்துப் பாருங்கள். எதிரே பஸ் வந்தால் அவர் நிற்கிறார். மோட்டார் சைக்கிள் வந்தாலோ, பார்த்தும் பாராதவராய்த் திரும்பிவிடுகிறார். விபத்துக்குப் பின் “நான் பார்க்கவே இல்லை” என்று சொல்லுகிறார். பெரும்பாலும் அது பொய்யன்று. எதிரே வரும் பொருள் கண்ணில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே அதன் வேகத்தை மதிக்கிறோம். மோட்டார் சைக்கிளின் முகம் குறுகலானது. கிட்டே வரும்வரை அது பெரிதாகத் தோன்றுவதில்லை. புதுவையின் அமைப்பும் இதற்குச் சேர்ந்துகொள்கிறது. நேரு வீதியைப் போலக் கடலை நோக்கி ஓடும் கிழக்கு மேற்கு வீதிகளில், காலை நேரத்தில் சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு வரும் வண்டியின் முகம் நிழலில் கறுத்துவிடுகிறது. மரங்கள் நிறைந்த வீதிகளில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழ, அந்தச் சிறு உருவம் அவற்றில் கரைந்துபோகிறது. எரியும் ஒரு விளக்கு அதைப் பிரித்துக் காட்டுகிறது.

இது சூரியன் தாழ்ந்து நிற்கும் வடதேசங்களின் மருந்து, நம்முடைய வெயிலுக்கு ஒவ்வாது என்று சிலர் வாதிப்பதுண்டு. ஸ்வீடன் 1977-ல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. கனடா 1989 டிசம்பருக்குப் பின் உற்பத்தியான புதுக் கார்களுக்கு விதித்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் அந்த வாதத்திற்கு இடமுண்டு. ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகில், நம்மைவிட வெயில் குறையாத மலேயா நாட்டில், நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் அவ்விடத்தில், 1992-ல் மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் விளக்குக் கட்டாயமாயிற்று. அதன் பின் அங்கே ஆராய்ந்தவர்கள், எதிராளி கவனியாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துக்கள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். வெயிலைப் பற்றிய வாதத்திற்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை.

கார்களின் விஷயம் வேறு. இங்கே பகல் விளக்கை ஆட்சேபிப்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்பது நம் அபிப்பிராயம். ஐரோப்பிய யூனியன் 2011 முதல் புது மாதிரிக் கார்களில் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க சர்க்காரின் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகாவோ, 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மொத்தத்தில் நிச்சயமான பலன் காணாமல், கட்டாயமாக்கும்படி வந்த மனுவை 2009-ல் நிராகரித்தது. ஆஸ்திரியா 2005-ல் கட்டாயப்படுத்தி, 2008-ல் கைவிட்டது. ஒரு காலத்தில் நம்மை ஆண்ட பிரான்ஸில் நடந்ததைப் புதுவை வாசகர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். 2004-05 குளிர்காலத்தில் ஊர்ப்புறத்திற்கு வெளியே எல்லாக் கார்களும் பகலிலும் விளக்கேற்றும்படி அந்த சர்க்கார் கேட்டுக்கொண்டபோது, கடுமையாக எதிர்த்தவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்களே. எல்லா வண்டியிலும் விளக்கெரிந்தால் எங்கள் விளக்கை யார் கவனிப்பார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அந்த யோசனை கட்டாயமாக ஆகவில்லை.

அந்தக் கேள்வி நம் தேசத்திற்கு இன்னும் பொருந்தும். 2022-ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். பாதசாரிகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். பாதசாரிக்கு விளக்கு ஏது? தலைச்சுமையுடன் சாலையைக் கடக்கும் மீன்காரப் பெண்ணுக்கும், வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிற தொழிலாளிக்கும் விளக்கு ஏது? ஒளிர்வதையே பார்க்கக் கண் பழகிவிட்டால், ஒளிராதவர்கள் பார்வையிலிருந்து நழுவக்கூடும். இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்திருப்பவர் இன்னும் பளிச்சென்று தெரிவதற்காக, நடப்பவர் மங்கிப்போவது முறையல்ல. மேலும் பல கார்களில் இவ்விளக்கு அலங்காரமாகிவிட்டது. அதிலும் ஓர் அபாயம் உண்டு: பல கார்களில் முன்னே இந்தப் பகல் விளக்கு எரியும்போது பின் விளக்கு எரிவதில்லை. அந்தி மயங்கும் வேளையில் முன்புற ஒளியைக் கண்டு எல்லாம் எரிகிறது என்று எண்ணி, பின்புறம் இருட்டாகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைபவர்கள் உண்டு.

சர்க்கார்மீது நமக்குள்ள குறை ஒன்று. உத்தரவு பிறப்பித்தார்கள், காரணத்தை ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் விளக்கவில்லை. காரணம் கேளாமல் மேலிடத்து ஆக்ஞைக்குத் தலைவணங்கும் காலம் புதுவையில் 1954 நவம்பர் 1-ம் தேதியோடு போய்விட்டது. காரணம் தெரிந்த பிரஜை ஒயரை வெட்டமாட்டான்; தெரியாதவன் வெட்டியபின் அபராதம் விதித்துப் பயனில்லை. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், பகல் விளக்கு யாருக்காக எரிகிறது, பழைய வண்டிக்காரரும் பகலில் தாழ்ந்த ஒளியைப் போட்டுக்கொண்டு போவது ஏன் நல்லது, கார்க்காரர் அந்தியில் எந்த விளக்கைப் போட வேண்டும் என்ற மூன்றையும் தெளிந்த தமிழில் அச்சிட்டுக் கொடுக்கும்படி புதுவைப் போக்குவரத்து இலாகாவைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஒரு தாள் போதும்.