வேலைப் பயிற்சி கைவிட்டது. தங்க இடம் எங்கே?

எல்லைக் கிராமத்து மாணவர்கள் படும் பாடு

குளத்தூர்: கல்லூரி திறக்கும் காலம் நெருங்கினால் நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லைக் கிராமங்களில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். குளத்தூர், காரோடு, பாறசாலை வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்றால் அது அந்த வீட்டோடு நிற்கும் செய்தியல்ல. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கும். அண்ணனின் சம்பளத்தில் ஒரு பங்கு ஹாஸ்டலுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

முன்பெல்லாம் படிப்பு என்றால் வகுப்பும் பரீட்சையும்தான். இன்று அப்படியில்லை. பாலிடெக்னிக் ஆனாலும் பட்டப்படிப்பு ஆனாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சில வாரமோ சில மாதமோ பயிற்சி பெற வேண்டும். கேரளத்தில் 2024-இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பிலும் இந்தப் பயிற்சி பாடத்தின் ஒரு பகுதி. பயிற்சி முடியாவிட்டால் அதற்குரிய மதிப்பெண்ணும் கிடையாது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. "தங்குவதற்குக் கம்பெனியே இடம் தரும்" என்ற வார்த்தையை நம்பி மாணவன் ஹாஸ்டல் அறையைக் காலி செய்கிறான். அந்தக் கட்டிலுக்கு வேறு பிள்ளை வந்துவிடுகிறது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, இந்த முறை ஆள் எடுக்கவில்லை என்று கம்பெனியிலிருந்து தகவல் வருகிறது. பயிற்சியும் போயிற்று, படுக்க இடமும் போயிற்று. ஒரே கயிற்றில் இரண்டு குடத்தைக் கட்டிக் கிணற்றில் இறக்கியது போல, கயிறு அறுந்தால் இரண்டும் தண்ணீருக்குள்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இரட்டைக் கஷ்டம்

ஆண் பிள்ளை நண்பன் அறையில் பாய் விரித்து நான்கு நாளைக் கழித்துவிடுவான். பெண் பிள்ளை அப்படிச் செய்ய முடியுமா? "இடம் கிடைக்கவில்லையா, பேசாமல் வீட்டுக்கு வா" என்பதே பல தகப்பன்மார் சொல்லும் முதல் வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் ஒரு வருஷப் படிப்பு நின்றுபோகும். அடகு வைத்த வளையலுக்கு வட்டி மட்டும் நிற்காது.

முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியது

தகவல் வந்ததும் வீடு தேடி அலைவது வழக்கம். ஆனால் முதலில் போக வேண்டிய இடம் கல்லூரி. துறைத் தலைவரிடம் கம்பெனியின் கடிதத்தைக் காட்டி, வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். எந்த ஊரில் பயிற்சி என்று தெரியாமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் இரண்டாவது நஷ்டம் அது. அதே நாளில் ஹாஸ்டல் வார்டனையும் பார்த்து, பழைய அறையில் தற்காலிகமாகத் தங்க வழியுண்டா என்று கேட்கலாம். வார்டனும் பிள்ளை பெற்றவர்தான். கேட்காதவனுக்குத்தான் கதவு திறக்காது.

ரயில் கை கொடுக்கும்

எல்லைக் கிராமத்தாருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை என்று எல்லையின் இரு புறமும் நிலையங்கள் இருக்கின்றன. கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் 87 கிலோமீட்டர்தான். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும்.

ஆகவே புதிய பயிற்சி திருவனந்தபுரத்தில் என்றால், முதல் மாதம் வீட்டிலிருந்தே போய் வரலாம். அவசரத்தில் அதிக வாடகைக்கு அறை எடுப்பதைவிட, ஒரு மாதம் போய் வந்து நிதானமாக இடம் பார்ப்பது மேல். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் சலுகை சீசன் டிக்கெட், வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே செல்வதற்கானது. பயிற்சி வேறு ஊரில் என்றால் சாதாரண சீசன் டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. அதுவும் தினமும் டிக்கெட் எடுப்பதைவிட மலிவுதான். சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வ் பெட்டியில் ஏறினால் அபராதம் கட்ட நேரிடும்.

மாலை ரயிலில் இறங்கிய பிறகு கிராமத்துக்குக் கடைசி பஸ் உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதுவே முக்கியக் கேள்வி.

அட்வான்ஸ் கொடுக்குமுன்

தூர ஊரில் பயிற்சி என்றால் அறை எடுத்தே ஆகவேண்டும். அவசரக்காரனை ஏமாற்றுவது சுலபம். போனில் நான்கு படத்தைக் காட்டி, "இன்றைக்கே பணம் அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று சொல்லும் புரோக்கரை நம்பக்கூடாது. அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால் அவரை ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லலாம். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கொடுத்த அட்வான்சுக்கு ரசீது, இடையில் காலி செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விவரம், கரண்டு, தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு என்பது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. ஹாஸ்டல் இல்லாமல் வெளியே தங்க நேர்ந்தாலும் நியாயமான தங்கும் செலவைக் கடனில் சேர்க்க மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. பேங்க் மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்ரண்டிஸ் வேறு, கல்லூரிப் பயிற்சி வேறு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவான ஒப்பந்தம் இருந்தால், நிறுவனம் தன் பொறுப்பை நிறைவேற்றாததால் ஒப்பந்தம் முறிந்தால் நஷ்டஈடு தர வேண்டும். உதவித்தொகையும் உண்டு. 2019-இல் பட்டதாரி அப்ரண்டிசுக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கல்லூரி அனுப்பும் குறுகிய காலப் பயிற்சிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு கடிதத்தில் வரும், ஒரு கடிதத்தில் போகும். ஆகவே பயிற்சிக்குக் கையெழுத்திடும்போதே, இது அப்ரண்டிஸ் ஒப்பந்தமா, தங்கும் இடம் உறுதியா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்த பிறகே ஹாஸ்டல் அறையை விடுவது புத்திசாலித்தனம்.

ஊர்ப் பாசம்

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர சொந்தத்தில் விழவில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு, இந்தப் பக்கம் மாமா வீடு என்று வாழ்பவர்கள் இன்றும் ஏராளம்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்து, "அண்ணாச்சி, தங்க இடம் தேடுறேன்" என்றால், "எந்த ஊரு மக்களே?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஊரைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நல்ல வீடு எது, வாடகைக்கு அதிகம் கேட்பவர் யார் என்று அவருக்குத் தெரியும். புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான். அந்த நாலு நாள் இடம் கிடைத்திருக்காவிட்டால் இன்றைய வேலையும் இல்லை. ஊரிலிருந்து ஒரு பிள்ளை கையில் பெட்டியோடு வந்து நின்றால், ஒரு வாரத்துக்கு இடம் கொடுப்பதால் யாருக்கும் குறைந்துவிடாது. பெண் பிள்ளையானால், குடும்பத்தோடு இருப்பவர்கள் முன்வர வேண்டும். அந்த ஒரு வாரத்தில் கல்லூரி வேறு பயிற்சி தேடித் தரலாம், நல்ல அறையும் அமையலாம். பிள்ளையின் படிப்பும் நிற்காமல் நடக்கும்.