மின்னல் வருவதை சாட்டிலைட் முன்கூட்டியே சொல்லுமா? ஆம்பூர், வேலூர் டேனரிகளில் வெளி வேலையை எப்போது நிறுத்தணும்?

கோடையில் மாலை நேரம் ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் கறுத்தால், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதி டேனரிகளில் பரபரப்பு தொடங்கிவிடும். வெயிலில் காயப்போட்ட தோலை மழைக்கு முன் உள்ளே எடுக்கணுமே! ஆனால் மின்னல் ஆபத்து அதிகமாக இருப்பதும் அதே நிமிடங்களில்தான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பக கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். இப்போது கையில் இருக்கும் செல்போனிலேயே மின்னல் தகவல் கிடைக்கிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

சாட்டிலைட் என்ன பார்க்கிறது?

மின்னல் வெளிச்சத்தை விண்வெளியில் இருந்தே படம்பிடிக்கும் கருவி, 2016-ல் ஏவப்பட்ட அமெரிக்காவின் 'கோஸ்-16' சாட்டிலைட்டில் உண்டு. 2022 டிசம்பரில் ஐரோப்பா ஏவிய புதிய மீட்டியோசாட்டிலும் உண்டு. ஆனால் முதலாவது அமெரிக்க கண்டங்களையும், இரண்டாவது முக்கியமாக ஐரோப்பா, ஆப்பிரிக்காவையும் பார்ப்பவை. நம்ம இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் சாட்டிலைட்டுகளில் இந்தக் கருவி கிடையாது. அவை மேகத்தையும், பூமியில் இருந்து வெளியேறும் வெப்பத்தையும் அளக்கின்றன.

அந்த வெப்பக் கணக்கே இப்போது உதவிக்கு வருகிறது. இடி மேகம் உயரமாக வளர வளர, அதன் உச்சி குளிர்ந்துபோகும். வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சு குறையும். இன்சாட்-3டி தரவில் இந்தக் குறைவைக் கவனித்து, சுமார் இரண்டரை மணி நேரம் முன்பே மின்னல் வாய்ப்பைக் கணிக்க முடிகிறது என்று இஸ்ரோவின் தேசிய தொலை உணர்வு மையம் 2025-ல் அறிவித்தது.

ஆனால் எந்தத் தெருவில், எந்த மொட்டை மாடியில் மின்னல் விழும் என்பதை இது சொல்லாது. 'இந்தப் பகுதியில் வாய்ப்பு இருக்கு' என்பது வரைதான்.

'தாமினி' ஆப் எப்படி வேலை செய்கிறது?

மின்னல் வெட்டும்போது ரேடியோ அலைகள் கிளம்பும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நாடு முழுக்க தரையில் வைத்திருக்கும் சென்சார்கள் அந்த அலையைப் பிடித்து, மின்னல் எங்கே வெட்டியது என்று கணக்கிடுகின்றன. அந்தத் தகவல்தான் 'தாமினி' ஆப்பில் வருகிறது. உங்க இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் கடந்த 5, 10, 15 நிமிடங்களில் வெட்டிய மின்னல்களை வெவ்வேறு நிறத்தில் காட்டும்.

கவனிக்கணும்: இது ஏற்கெனவே நடந்து முடிந்த மின்னல். 40 கி.மீ. வேகத்தில் நகரும் மேகம் 15 நிமிடத்தில் 10 கி.மீ. வந்துவிடும். வாணியம்பாடியில் இருந்து ஆம்பூருக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. தலைக்கு மேலே உருவாகும் மேகத்தின் முதல் மின்னலுக்கு முன்னால் மேப் காலியாகத்தான் இருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் காலியாகத்தான் இருக்கும். அதனால் மேப்பில் புள்ளி இல்லை என்பதற்காக மாடிக்கு ஏறலாம் என்று அர்த்தம் இல்லை.

காது சொல்வதைக் கேளுங்க

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்க. 3 விநாடிக்கு சுமார் ஒரு கி.மீ. 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே உள்ளே போயிடணும். எண்ண முடியாவிட்டால், இடி கேட்டாலே போதும், உள்ளே போங்க. கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். மழை விட்டதும் ஓடிப்போய் தோலைப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு.

எங்கே நிற்கலாம்?

கான்கிரீட் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், வேன், பஸ் பாதுகாப்பு. பக்கச் சுவர் இல்லாத தகர ஷெட், மரத்தடி, பாலாற்று மணல்வெளி, தோல் காயவைக்கும் இரும்பு ஃபிரேம் பக்கம் நிற்கக் கூடாது. பைக்கில் போவதும் ஆபத்து.

'ரப்பர் சோல் ஷூ போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது' என்பதும் தவறு. பல கி.மீ. காற்றையே கிழித்து வரும் மின்னலை அரை அங்குல ரப்பர் தடுக்காது.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே 108-க்கு போன் பண்ணுங்க. பேச்சுமூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுக்கணும். அந்தச் சில நிமிடங்கள்தான் உயிரைக் காப்பாற்றும்.

சூப்பர்வைசர்கள் என்ன செய்யணும்?

சாட்டிலைட் தகவலின் பயன் அது தரும் அவகாசம்தான். மாலையில் இடி மழை என்ற எச்சரிக்கை வந்ததுமே தோலை எடுக்க ஆள் அனுப்புங்க. 'தாமினி' 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் காட்டினால் மாடி வேலையை முடியுங்க. 20 கி.மீ.க்குள் வந்தாலோ, இடி கேட்டாலோ, மிச்சத் தோல் நனைந்தாலும் பரவாயில்லை என்று எல்லோரையும் கீழே கூப்பிடுங்க. நனைந்த தோலை மறுநாள் வெயிலில் பார்த்துக்கொள்ளலாம்.