உங்கம்மைக்கு எந்த வயசுல நின்னுச்சு? மெனோபாஸுக்குள் ஒரு மரபணுக் கணக்கு

"உங்கம்மைக்கு மாதவிலக்கு எந்த வயசுல நின்னுச்சு?"

திசையன்விளைப் பக்கம் 40-ஐத் தாண்டிய ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்பார். அம்மாவிடமே கேட்டாலும் வயதைச் சொல்லத் தெரியாது. "சுனாமிக்கு முன்னாடியா, பொறவா?" என்று கேளுங்கள். "சுனாமி வந்தப்போ நின்னு ரெண்டு வருசம் ஆச்சுல்லா" என்று பதில் சுத்தமாக வரும். 2004-லிருந்து இரண்டைக் கழித்தால் 2002. அப்போது அம்மாவுக்கு என்ன வயது? அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனையைவிட இன்றைக்கு இது உங்களுக்கு அதிகம் உதவும்.

ஏன் தெரியுமா? மாதவிலக்கு ஒருவருக்கு 42-லும் இன்னொருவருக்கு 51-லும் நிற்பதற்கு ஏறக்குறைய பாதிக் காரணம் மரபணுதான் என்று இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. 2021-ல் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சுமார் 2 லட்சம் பெண்களின் மரபணுக்களைப் பார்த்து, இந்த வயதோடு தொடர்புடைய 290 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பல, டி.என்.ஏ-வில் விழும் சேதத்தைச் சரிசெய்யும் வேலையோடு தொடர்புடையவை. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் எல்லாம் சினைப்பையில் வந்துவிடுகின்றன. சேதமான முட்டையைப் பழுது பார்ப்பதா, கழித்துக்கட்டுவதா என்று முடிவுசெய்யும் மரபணுக்கள் எவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதைப் பொறுத்து இருப்பு சீக்கிரமோ தாமதமாகவோ தீர்கிறது.

அப்போ லேட்டா நின்னா நல்லதா? அப்படியும் சொல்ல முடியாது. எலும்புக்கு நல்லது, சர்க்கரை நோய் வாய்ப்பும் குறைகிறது. ஆனால், மார்பகம், கருப்பை சார்ந்த சில புற்றுநோய்களின் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. இதையும் அதே ஆய்வுதான் சொன்னது.

ஒரு குறை உண்டு. அந்த 2 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். அங்கே மெனோபாஸின் சராசரி வயது 51. நம் நாட்டில் 46, 47. சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பை 'ஜீனோம் இந்தியா' திட்டம் 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நமக்கான கணக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

அடுத்தது, அந்தச் சூடு. "திடீர்னு நெஞ்சுலருந்து தீயா ஏறுது மைனி, வேர்த்து ஊத்துது" என்றால், "மனசைப் போட்டு உழப்பாத" என்று பதில் வருகிறதே... அது மனசு இல்லை. மூளையின் ஹைபோதலாமஸில் உடல் சூட்டைக் கவனிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சில நரம்பணுக்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். அது குறைந்ததும் கட்டவிழ்ந்து, 'உடம்பு கொதிக்குது' என்று பொய்த் தகவல் அனுப்புகின்றன. இந்த நரம்பணுக்கள் அனுப்பும் சேதியை வாங்கும் ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் உள்ள மாறுபாடுகளுக்கும் இந்தச் சூட்டுக்கும் தொடர்பு இருப்பதை, 17,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வு 2017-ல் காட்டியது. அதே ஏற்பியைத் தடுக்கும், ஹார்மோன் அல்லாத மாத்திரை ஒன்றுக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

"ஹார்மோன் மாத்திரையா? கேன்சர் வரும்லா!" இந்தப் பயம் 2002-ல் தொடங்கியது. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், இரு ஹார்மோன்களைச் சேர்த்து எடுத்த பெண்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடியது. பக்கவாதமும் ரத்தக்கட்டும் கூடின. இடுப்பு எலும்பு முறிவு குறைந்தது. ஆனால், அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அந்தக் கணக்கை 42 வயதுக்காரர் அப்படியே தன்மேல் போட்டுக்கொள்ளக் கூடாது.

40-க்கு முன்போ, 45-க்கு முன்போ நின்றுவிட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "விட்டது தொல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. முருங்கை விளையும் ஊர்தான், கீரையில் கால்சியமும் உண்டுதான். போன ஈஸ்ட்ரோஜனைக் கீரை திருப்பித் தராது. சீக்கிரமே நின்றவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் சிகிச்சை எடுக்கச் சொல்வதே மருத்துவ வழக்கம். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. கருப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு, அறுவை சிகிச்சை நடந்த அன்றே மெனோபாஸ் தொடங்கிவிடுகிறது. சினைப்பையையும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்து மகப்பேறு மருத்துவரிடமோ போகும்போது அம்மாவின் வயது, அக்கா தங்கைகளின் வயது, உங்கள் கடைசி மாதவிலக்குத் தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அடுத்த மாசம் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே போய்க் காட்டிவிடுங்கள்.