சாம் அழுத இடம்

பெரும்போர் முடிந்தது. மோதிரம் எரிமலையில் விழுந்து அழிந்தது. மன்னன் முடிசூடிவிட்டான். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் தோட்டக்காரன் சாம், வயலில் வெட்டிக் கிடக்கும் ஒரு மரத்தைப் பார்த்ததும் உடைந்து அழுகிறான். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் என்னை இன்றும் உலுக்கும் இடம் அது.

அந்த மரத்தை நாம் முதல் அத்தியாயத்திலேயே பார்த்துவிடுகிறோம். சாமின் ஊர்க்காரர் பில்போவுக்கு 111 வயது, அவருடைய வாரிசு ஃப்ரோடோவுக்கு 33. இருவருக்கும் ஒரே நாளில் பிறந்தநாள். குன்றடி வயலில் போட்ட பந்தல் எவ்வளவு பெரிது என்றால், மரமே அதற்குள் நிற்கிறது. கிளையெங்கும் விளக்குகள். இருவர் வயதையும் கூட்டி, 144 பேருக்குத் தனி விருந்து. விளக்கொளியில் நாற்காலிமேல் ஏறி நின்று பேசி, பேச்சின் முடிவில் பில்போ மாயமாகிறார். அன்றிலிருந்து ஊருக்கு அது விருந்து மரம். என்ன சாதி மரம் என்று டோல்கீன் சொல்லவில்லை. ஊர் கூடிய இடம் என்பதே அதற்குப் போதுமான அடையாளம்.

பின்னர் தீய மந்திரவாதி சாருமானின் ஆட்கள் அதை வெட்டி, அப்படியே வயலில் போட்டுவிடுகிறார்கள். இது கற்பனையில் மட்டும் நடந்ததல்ல. டோல்கீன் சிறுவயதில் பர்மிங்காம் அருகே சேர்ஹோல் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். அங்கே ஆலைக்குளத்தின் மேல் சாய்ந்து நின்ற வில்லோ மரத்தை யாரோ வெட்டி, எதற்கும் பயன்படுத்தாமல் போட்டுவிட்டார்கள். வயதான பிறகும் அவர் அதை மறக்கவில்லை. விறகுக்காவது எடுத்துப் போயிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பீட்டர் ஜாக்சனின் படங்களில் இந்த அழிவு இல்லை. நியூசிலாந்தில் மாட்டமாட்டா அருகே ஒரு பண்ணையில், நீர்நிலையோரம் நின்ற பெரிய பைன் மரமே படத்தின் விருந்து மரமானது. அது கடைசிவரை நிற்கிறது. அழகான மரம்தான். ஆனால் இழப்பை நீக்கியதும், அதை ஆற்றிய கையும் படத்திலிருந்து போய்விட்டது.

நாவலில் சாம் அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவதில்லை. பயணத்தில் எல்ஃப் சீமாட்டி காலாட்ரியல் அவனுக்குக் கொடுத்த பெட்டியில் கொஞ்சம் மண்ணும் ஒரு வெள்ளிநிறக் கொட்டையும் இருக்கின்றன. மரங்கள் அழிந்த இடங்களிலெல்லாம் கன்று நட்டு, வேருக்கு ஒரு துளி மண் இடுகிறான். கொட்டையை விருந்து வயலில், பழைய மரம் நின்ற இடத்திலேயே ஊன்றுகிறான். வசந்தத்தில் வெள்ளிப் பட்டையோடு மல்லோர்ன் என்ற எல்ஃப் நாட்டு மரம் எழுகிறது. ஏப்ரலில் பொன்னாய்ப் பூக்கிறது.

படம் மட்டும் பார்த்தவர்கள் நாவலின் கடைசி இரண்டு அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள்.