கச்சான் காலத்தில் கொதிக்கும் மைனர்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தகப்பன் காலத்து மொரிஸ் மைனர் 1000 இன்னும் வீட்டில் ஓடுகிறது. கந்தளாயிலிருந்து வரும் வழியெல்லாம் ஒரு குறையுமில்லை. பட்டணத்துக்குள் நுழைந்து அநுராதபுரச் சந்தியில் நிற்கத் தொடங்கியதும் ரேடியேற்றர் மூடியடியில் ஆவி கிளம்புகிறதாம். பெல்ட்டில் சுற்றும் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடலாமா என்று கேட்கிறார்.

ஓட்டத்தில் குளிர்ந்து நிறுத்தத்தில் கொதிக்கிறது என்று அவர் கவனித்து எழுதியது பெரிய உதவி. மணிக்கு 50, 60 கிலோமீற்றரில் போகும் காருக்கு முன் கிரில்லால் நுழையும் காற்றே போதும். அந்த ஓட்டத்திலும் கொதிக்குமானால் ரேடியேற்றர் குழாய்கள் அடைபட்டிருக்கும், அல்லது ஹெட் கஸ்கற் போயிருக்கும். அதற்கு எந்த விசிறியும் மருந்தல்ல.

மைனரின் விசிறி வாட்டர் பம்பின் முகப்பில் பூட்டப்பட்டது. இஞ்சின் வேகம் கூடினால் அதுவும் கூடும், குறைந்தால் குறையும். ஆகவே காற்றுத் தானாகவே வரும் நெடுவீதியில் பலமாகச் சுற்றுகிறது. காற்று வேண்டிய சந்தியில் சோர்ந்துபோகிறது. வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். கன்னியா வீதியால் கிழக்கு நோக்கிப் பட்டணத்துக்கு வரும் காருக்கு அந்த வெக்கைக் காற்று முதுகில் அடிக்கிறது. நின்றுவிட்டால், இஞ்சின் கக்கிய சூட்டையே சுற்றிக் கொண்டுவந்து மறுபடி ரேடியேற்றருக்குக் கொடுக்கிறது.

நெடுவீதியில் சுற்றுவதும் இலவசமல்ல. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது இஞ்சினிடம் இழுக்கும் வலு எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் 27 மடங்கு. வாகனம் செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. 1960இல் வந்த பீஜோ 404இல் தண்ணீர் சூடேறினால் மட்டும் மின்காந்தத்தால் பிடித்துச் சுற்றும் விசிறி இருந்தது. 1948இல் மைனரைத் தந்த அலெக் இஸிகோனிஸ், 1959இல் மினியில் இஞ்சினைக் குறுக்கே வைத்தபோது, பெல்ட் விசிறியைக் கைவிடாமல் ரேடியேற்றரையே பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். குறுக்கு இஞ்சின் கார்கள் பெருகிய பிறகுதான் மின்விசிறி எல்லோருக்கும் பொதுவானது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். மைனர் போன்ற அக்காலப் பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. கடையில் வாங்கும் மின்விசிறியின் கறுப்பு வயரை வழக்கம்போல உடலிலும் சிவப்பை மின்சாரம் வரும் பக்கத்திலும் கொடுத்தால், விசிறி நன்றாகவே சுற்றும், ஆனால் எதிர்ப்புறமாக. வரும் காற்றை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். சத்தம் கேட்கும், தகடு சுழலும், கார் கொதிக்கும். பார்த்தவர் விசிறி பலவீனம் என்று முடிவுசெய்து இன்னும் பெரியதொன்றை வாங்குவார்.

சிலர் தகட்டைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது நடக்காது. சின்ன வயதில் சைக்கிள் சில்லைக் கழற்றிப் பூட்டும்போது நான் வியந்த விடயம் இது: நட்டை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும் வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் இறுகும். விசிறித் தகட்டின் சரிவும் அந்தப் புரி போன்றதே. திருப்பிப் போட்டாலும் அதே சுழற்சிக்கு அதே திசையில்தான் காற்று போகும். தகட்டின் வளைவு மட்டும் பிழையான பக்கம் பார்ப்பதால் காற்றின் அளவு குறைந்துவிடும். திசையை மாற்ற வேண்டுமானால் வயர்கள் இரண்டையும் இடம்மாற்றுங்கள். மெல்லிய கடதாசித் துண்டொன்றை முன் கிரில்லில் பிடித்துப் பாருங்கள். அது ரேடியேற்றரோடு போய் ஒட்ட வேண்டும். வெப்பம் அறிந்து இயக்கும் கருவி இலத்திரனியல் வகையானால் முனை மாறுவது அதற்கு ஆபத்து. சாதாரண வெப்ப ஆளியும் ரிலேயும் வாங்குவது நல்லது.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. மைனர் 1000களில் பரவலாக இருக்கும் லூகாஸ் சீ40 டைனமோ உச்சத்தில் 22 அம்பியர் தரும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. சந்தியில் நிற்கையில் மீற்றரில் சிவப்பு விளக்கு மினுங்குவது அதனால்தான். பழைய விசிறியைச் சோரவைத்த அதே மெதுவேகம் புதிய விசிறியின் மின்சாரத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. நிற்கும் நேரமெல்லாம் பற்றரிதான் கொடுக்கிறது. ஏழெட்டு அம்பியர் இழுக்கும் விசிறியோடு இரவில் முன்விளக்கும் எரிந்தால் பற்றரி நாளுக்கு நாள் இளைக்கும். பகலில் சற்று நேரம் நின்று ஓடுபவருக்கு டைனமோ தாங்கும்; தினமும் நெரிசலில் நிற்பவர் ஓல்டனேற்றருக்குப் போக வேண்டியிருக்கும், அத்தோடு உடலிணைப்பையும் எதிர்முனைக்கு மாற்ற வேண்டும். எந்த வழியானாலும் பெல்ட் இருந்தே தீரும். அதுதான் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். கொதிக்கும் பழைய கார்களில் பல விசிறியால் கொதிப்பதில்லை. சவர்க் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்காக ஊற்றி உள்ளே கல்லுப் படியவிடுகிறோம். தேர்மோஸ்ற்றாற்றைப் பிடுங்கி எறிகிறோம். மூடியின் ரப்பர் போனாலும் மாற்றுவதில்லை; அந்த மூடி தாங்கும் ஒவ்வொரு இறாத்தல் அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய ஒன்றரைப் பாகை உயர்த்துகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. இதே நாட்டில், 1990களில் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக்காட்டிய மெக்கானிக்குகள் இருந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்து சாள்ஸ் வேர், மைனருக்கு வேண்டிய தகடுகளை இலங்கையில் செய்விக்கும் தொழிலகத்தையே கூட்டாகத் தொடங்கினார். கைவேலைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் ஒரு ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவிப் பார்க்கப் பொறுமை இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களின் விலை ஏறியது. பராமரிப்பும் அதே அளவுக்கு ஏறியிருக்கலாம்.

ஆகவே வாசகர் முதலில் ரேடியேற்றரைக் கழுவட்டும், மூடியை மாற்றட்டும், பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்கட்டும். அதன் பிறகும் கொதித்தால் மின்விசிறி போடலாம். விசிறியை ரேடியேற்றரின் செதில்களுக்குள் பிளாஸ்ரிக் பட்டி கோத்துக் கட்ட விடாதீர்கள். அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும். ரேடியேற்றர் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஆணித் துவாரங்களில் தகட்டுத் தாங்கி செய்து பூட்டச் சொல்லுங்கள். துறைமுகத்து உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது உடலிணைப்பு வயரின் அடிதான். அங்கே பெயின்றைச் சுரண்டிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசி, ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பாருங்கள். பழைய விசிறித் தகட்டை இரும்புக்குப் போடாமல், அதன் நான்கு ஆணிகளோடு எண்ணெய் பூசிச் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். வழியில் மோட்டார் எரிந்தால் ஒரு ஸ்பனரோடு அதைத் திரும்பப் பூட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.