பின்சில்லுகளில் டிறம் பிறேக்கா, டிஸ்க் பிறேக்கா?

வாகனம் ஓட்டத் தெரிந்தவர் பலர். அது எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிந்தவர் சிலரே. மில்லிக்கன் பகுதியில் வாழும் எம்மவர் இல்லங்களில் கார் இன்றியமையாத பொருளாகிவிட்டது. வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் அதுவே எம்மைச் சுமந்து செல்கின்றது. உயர்வகுப்பு மாணவர் சிலர் பழைய சிறிய கார்களை வாங்கி, பின்சில்லுகளிலுள்ள டிறம் பிறேக்கைக் கழற்றி டிஸ்க் பிறேக் பூட்ட ஆவல் கொள்கின்றனர். இஃது ஏற்றதா என்று பெற்றோர் வினவுகின்றனர். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அடிப்படையை நோக்குவோம். ஓடும் காரிடம் இயக்கச் சக்தி உண்டு. சக்தி அழிவதில்லை, ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாறுகின்றது. பிறேக்கின் பணி, உராய்வின் மூலம் இயக்கச் சக்தியை வெப்பமாக்கிக் காற்றிற் கலக்கச் செய்வதே. 1,100 கிலோகிராம் திணிவுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கச் சக்தி ஏறத்தாழ 4,24,000 யூல் ஆகும். ஒரு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்க இவ்வெப்பம் போதும். அவ்வளவும் சில விநாடிகளில் வெளிப்படுகின்றது. வேகம் இரு மடங்கானால் இச்சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மாணவர் மனத்திற் கொள்ள வேண்டும்.

டிறம் என்பது சில்லுடன் சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதனுள்ளே பிறை வடிவான இரு கட்டைகள் உள்ளன. மிதியை அழுத்தியதும் பிறேக் ஒயிலின் அமுக்கம் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளிக் கிண்ணத்தின் உட்சுவரோடு உராயச் செய்கின்றது. சுழலும் டிறம் முன்கட்டையைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குவதால், சிறு விசையே பெரும் பயன் தருகின்றது. டிஸ்க் என்பது திறந்த வெளியிற் சுழலும் தட்டு. கலிப்பர் எனப்படும் கிடுக்கி அதனை இருபுறமும் பற்றிப் பிடிக்கின்றது. இங்கு தானே இறுகும் இயல்பு இல்லை. ஆகவே கூடிய அமுக்கம் தேவைப்படுகின்றது.

வெப்பத்தைத் தாங்குவதில் டிஸ்க்கே சிறந்தது. டிறம் சூடேறினால் விரிந்து கட்டைகளை விட்டு விலகும். மிதி ஆழமாக இறங்கும். டிஸ்க் விரிந்தாலோ கிடுக்கியை நோக்கியே விரியும். தண்ணீரையும் அது விரைவில் உதறிவிடும். இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்ரர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார் வென்றதும் உலகம் இதன் அருமையை உணர்ந்தது.

ஆயினும் டிறம் இழிந்ததன்று. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் கார்களை எம்மவர் மறந்திரார். அவற்றின் நான்கு சில்லுகளிலும் டிறமே இருந்தது. சமதரையில், குறைந்த வேகத்தில் அது போதுமானதாயிற்று. 2020இல் வெளிவந்த வொல்க்ஸ்வாகன் ஐடி.4 என்னும் மின்சாரக் காரின் பின்சில்லுகளிலும் டிறமே உண்டு. மின்மோட்டரே வேகத்தைப் பெரிதும் தணிப்பதால், அரிதாகப் பயன்படும் டிஸ்க் துருப்பிடிக்கக்கூடும். மூடிய டிறத்தினுள் அக்குறை குறைவு.

சிறிய கார்களில் பின்புறம் டிறம் இருப்பதற்குக் காரணமும் உண்டு. பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. முன்சில்லுகளே நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கைச் செய்கின்றன. பின்சில்லுகளின் பங்கு சிறிது. கைப்பிறேக்கை டிறத்தில் அமைப்பதும் எளிது, செலவும் குறைவு.

இனி மாற்றத்தைக் கவனிப்போம். ஒன்ராறியோவின் அலிஸ்ரன் ஆலையிலும் உற்பத்தியான ஹொண்டா சிவிக் இதற்கு நல்ல உதாரணம். 1990களின் சிவிக் பலவற்றில் பின்புறம் டிறம். அதன் உறவுக் காரான அக்கூரா இன்ரெக்ராவிலோ டிஸ்க். ஆர்வலர்கள் பழைய இன்ரெக்ராவின் பின்சில்லைத் தாங்கும் கையை, டிஸ்க், கலிப்பர் ஆகியவற்றுடன் முழுமையாகக் கழற்றிச் சிவிக்கிற் பூட்டுவதுண்டு. கைப்பிறேக் கம்பிகளையும் மாற்ற வேண்டும். பின்புற அமுக்கத்தை அளவோடு அனுப்பும் வால்வையும், சிலவேளை மாஸ்ரர் சிலிண்டரையும் பொருத்தமானதாக மாற்ற வேண்டும். இறுதியில் குழாய்களிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்ற வேண்டும்.

இவற்றுள் வால்வே பலரும் அசட்டை செய்வது. ஆபத்தும் அங்கேயே உள்ளது. பின்சில்லுகளுக்கு அமுக்கம் மிகுந்தால், அவை முன்சில்லுகளுக்கு முன்பே சுழற்சியற்று இறுகிவிடும். அப்போது காரின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்கி, கார் சுழன்றுவிடும். ஸ்ரீல்ஸ் வீதியில் பனி உறைந்த காலைப் பொழுதில் இவ்வாறு நேர்ந்தால் விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமுக்கம் குறைந்தாலோ, புதிய டிஸ்க் வேலையின்றித் துருவேறும். 2011 செப்ரெம்பர் முதல் கனடாவில் விற்கப்படும் புதிய கார்களில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுச் சாதனம் கட்டாயமாகும். அதன் கணக்கு அந்தந்தக் காரின் பிறேக்குக்கே எழுதப்பட்டது. ஆகவே அவற்றில் கை வைத்தல் தகாது.

இவ்வளவு செய்தும் நிற்கும் தூரம் குறையுமா? ஒரு தடவை அவசரமாக நிறுத்துகையில் எல்லையை வகுப்பது ரயர் வீதியைப் பற்றும் வலிமையே. நல்ல நிலையிலுள்ள டிறமும் சில்லை இறுக்கிப் பிடிக்க வல்லது. எனவே, அன்றாடம் நகருக்குள் ஓடும் குடும்பக் காருக்கு இம்மாற்றம் தரும் நன்மை சிறிது. அதே பணத்திற்கு நல்ல பனிக்கால ரயர்கள் வாங்கினால் கிடைக்கும் நன்மை பெரிது.

பெற்றோர் செய்யவேண்டியவை சில உண்டு. கனடாவின் வீதிகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்புத் தூவப்படுகின்றது. அது பிறேக் குழாய்களை அரிக்கும். ஆண்டுக்கொரு முறையேனும் டிறத்தைத் திறந்து கட்டைகளின் தடிப்பையும் ஒயில் கசிவையும் பார்க்கச் செய்யுங்கள். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதனை உரிய காலத்தில் மாற்றுங்கள். டிறத்துத் தூசியை ஊதுதல் ஆகாது; பழைய கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். கனடாவில் அது 2018 இறுதியிலேயே தடைசெய்யப்பட்டது.

மாற்றியே தீரவேண்டும் என்று விரும்பும் மாணவர், அனுமதிப் பத்திரம் பெற்ற மெக்கானிக்கின் கண்காணிப்பில் அதனைச் செய்க. காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ்ச் செல்லற்க. வேலை முடிந்ததும், வெறுமையான இடத்தில் குறைந்த வேகத்தில் பரீட்சித்த பின்னரே வீதிக்குச் செல்க.

ஓர் உறுப்பை மாற்றும்போது அதனோடு இணைந்த ஏனைய உறுப்புகளையும் எண்ணிப் பார்ப்பதே பொறியியலின் முதற்பாடம். தம்பி தங்கையரை ஏற்றிச் செல்லும் காரில் அப்பாடத்தைப் பிழையறக் கற்றுச் செய்வோமாக.